பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எங்கம்மா

(விருதுநகரில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'திருச்சபையும் தலித் பெண்களும்'. பெரிய தலைப்பு. கல்லறைச் சுவரிலிருந்து ஆயர் நியமனம் வரைக்கும் அதுக்குள்ள அடங்கும். அதையெல்லாம் நம்ம தோழர்கள் நிறையப் பேசியிருக்காங்க, எழுதியிருக்காங்க. யாரும் மேடையில் எடுக்காத ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். குடும்பக்கட்டுப்பாடு. இதைப் பேச ஆரம்பிச்சா முன்வரிசை ஆம்பளைங்க தலையைக் குனிஞ்சு செருப்பைப் பார்க்க ஆரம்பிப்பாங்க. பார்க்கிறவங்க பார்க்கட்டும்.

எங்கம்மாகிட்ட இருந்து தொடங்குறேன். எங்கம்மா ஏழு பெத்தா. ரெண்டு தங்கல. நான் நாலாவது. அம்மாவுக்குப் பட்டாசுல திரி வெட்டுற வேலை, சில நாள் மருந்து செலுத்துற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளிச் சிலை மாதிரி மின்னுவா. நாங்க பிள்ளைங்க தீப்பெட்டிக்குப் போனோம். விடியக்காலம் நாலு மணிக்கு ஊர் மந்தையில ஆலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்துல இருக்கிற பிள்ளையைத் தூக்கி பஸ்சுக்குள்ள போடுவாங்க. நான் எட்டு வயசுல கட்டை அடுக்கப் போனேன். இது 1981. அப்ப நம்ம ஊரெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம்.

ஏழாவது பிறந்த அன்னைக்கு எங்கம்மா முடிவு பண்ணிட்டா. எங்கய்யாகிட்டக் கேக்கல, மாமியார்கிட்டக் கேக்கல. சர்க்கார் ஆஸ்பத்திரியில ஆயாம்மா ஒருத்தி 'கேஸ்' பிடிச்சுக்கிட்டு இருந்தா. அவகூடப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, கொஞ்சம் பணமும் ஒரு பிளாஸ்டிக் குடமும் வாங்கிட்டு வந்தா. அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிஞ்சுச்சு. ஊருக்குத் தெரிஞ்சா பங்குச்சாமிக்குத் தெரியும்.

பாஸ்கா காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா. தொட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் எங்கம்மா முட்டங்கால் போட்டு. சாமியார் சொன்னாராம்: "ஆண்டவர் குடுக்கிறதத் தடுக்க நீ யாரும்மா? மரத்தை வச்சவன் தண்ணி ஊத்த மாட்டானா?" அம்மா ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்துக்கிட்டு எங்ககிட்டச் சொன்னா: "தண்ணி ஊத்துறவரு நாலு மணிக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டுல்ல வர்றாரு."

அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை விதிச்சாங்க. அதைச் சொல்லி முடிச்சா. ஆனா செய்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன் என்று மட்டும் அவளால சொல்ல முடியல. மனஸ்தாபம் இல்லேன்னா மன்னிப்பு இல்லை, மன்னிப்பு இல்லேன்னா நன்மை வாங்கக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயசுல உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினாலு வருசம் ஞாயிறு தவறாமப் பூசைக்குப் போனா. நம்ம தெரு சனங்க உக்கார்ற பக்கத்துல, கடைசி வரிசையில உக்காந்தா. நன்மை வாங்கல. யாரும் தடுக்கல. ஆனா யாரும் வாங்குன்னு கூப்பிடவும் இல்லை.

இதை ஏதோ எங்க வீட்டுக் கதையாகச் சொல்லவில்லை. இந்த அரங்கத்தில் இருக்கிற கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் உங்க அம்மாகிட்ட, பாட்டிகிட்டத் தனியாக் கேட்டுப் பாருங்க.

சரி, இந்தப் பாவம் எப்படிப் பாவமாச்சு? 1930 டிசம்பர் கடைசி நாளில் 11ஆம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் செயற்கைக் கருத்தடை எல்லாமே இயற்கைக்கு விரோதம் என்று சுற்றுமடல் எழுதினார். அதே ஆண்டு ஆங்கிலிகன் சபை ஆயர்கள் லம்பெத்தில் கூடி, சில நிலைமைகளில் அனுமதிக்கலாம் என்று சொன்னதற்கு அது பதில். அப்புறம் மாத்திரை வந்துவிட்டது. 1963ல் 23ஆம் அருளப்பர் இதை ஆராய ஒரு குழு போட்டார். அவர் இறந்த பிறகு 6ஆம் சின்னப்பர் அதை விரிவாக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலம். ஆனால் இந்த விஷயத்தைச் சங்கத்திடம் விடாமல் அவரே தன் கையில் வைத்துக்கொண்டார். குழுவில் இறையியல்காரர்கள், மருத்துவர்கள், ஆயர்கள், பம்பாய் கர்தினால் வலேரியன் கிராசியஸ் எல்லாரும் இருந்தார்கள். குடும்பம் நடத்துகிற பொதுநிலையினரும் இருந்தார்கள். சிகாகோவைச் சேர்ந்த பாட்டி கிரௌலி, அவர் கணவர் பாட் கிரௌலி இருவரும் கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தின் தலைவர்கள். பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடம் கடிதம் வாங்கி, நாள் கணக்குப் பார்த்துப் பார்த்து அவர்கள் படுகிற பாட்டை அந்தக் குழுவின் முன் வைத்தார்கள்.

அந்தக் குழுவில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு சேசு சபைச் சாமியார் கேட்டாராம், இப்போது சட்டத்தை மாற்றினால், இதுவரை இந்தப் பாவத்துக்காக நாம் நரகத்துக்கு அனுப்பிய லட்சக்கணக்கான பேர் என்ன ஆவார்கள் என்று. பாட்டி கிரௌலி திருப்பிக் கேட்டாராம், நீங்கள் போட்ட உத்தரவையெல்லாம் கடவுள் நிறைவேற்றிவிட்டார் என்றா நம்புகிறீர்கள் என்று. எங்கம்மா அந்த அறையில் இருந்திருந்தா இதைத்தான் கேட்டிருப்பா. ஆனா எங்கம்மா மாதிரி ஒருத்தி அந்த அறைக்குள் எப்படிப் போக முடியும்?

1966ல் குழுவின் பெரும்பான்மை, மாற்றலாம் என்று அறிக்கை கொடுத்தது. 1968 ஜூலை 25 தேதியிட்டு 'ஹூமானே வித்தே' சுற்றுமடல் வந்தது. பெரும்பான்மையைத் தள்ளிவிட்டு, பழையதே சரி என்றார் 6ஆம் சின்னப்பர். மாத்திரை கூடாது, உறை கூடாது, ஆபரேஷன் கூடாது. கரு தங்காத நாட்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு. நல்ல கணக்குதான். சிஸ்டர்மார் பெண்களைக் கூட்டி வச்சு பில்லிங்ஸ் முறையைச் சொல்லிக் கொடுத்தாங்க. படிக்கத் தெரியாத பெண்ணும் தன் உடம்பைக் கவனிச்சு அறியலாம். அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா அந்தக் கணக்கு ஒரு ஆளுடைய சம்மதத்தை நம்பி நிக்குது. அந்த ஆளு சனிக்கிழமை கூலி வாங்கி, சாராயக்கடை வழியாத்தான் வீட்டுக்கு வர்றான். இன்னைக்கு நாள் சரியில்லைன்னு சொன்னா எவன்கூடப் படுத்தேன்னு கேப்பான், அடி விழும். கட்டின பொண்டாட்டியை அவ சம்மதமில்லாமத் தொடுறது குற்றம்னு நம்ம நாட்டுச் சட்டமே இன்னும் ஒத்துக்கிறல. எங்க பெண்கள் ஏன் மாத்திரையை விட்டு, லூப்பை விட்டு, திரும்ப மாற்ற முடியாத ஆபரேஷனுக்குப் போனாங்கங்கிறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரு தடவை வலியைத் தாங்கிட்டா, அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் அவன்கிட்ட அனுமதி கேக்க வேண்டியதில்லை. ரோமாபுரியில் உட்கார்ந்து 'தம்பதியரின் பரஸ்பர அன்பு' பற்றி எழுதுகிறவர்கள் கணக்கில் இந்த ராத்திரி வரவே இல்லை.

இயற்கைச் சட்டம் மாறாதது, அதைத் திருத்த போப்பாண்டவருக்கே அதிகாரம் கிடையாது என்பார்கள். நம்ம மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் சுவாமி, 1606ல் மதுரைக்கு வந்தார். பார்ப்பனச் சந்நியாசி கோலத்தில் இருந்தார். கிறிஸ்தவரான பார்ப்பனர் பூணூல் போடலாம், குடுமி வைக்கலாம், அதெல்லாம் வெறும் சமூக வழக்கம்தான் என்று வாதாடினார். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623ல் 15ஆம் கிரகோரியார் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்து உத்தரவு போட்டார். பிற்பாடு நமக்கென்று தனியாகப் பண்டாரச் சாமிகள் வந்தார்கள். மேல்சாதிக்கு ஒரு சாமியார், கீழ்ச்சாதிக்கு ஒரு சாமியார்.

ஆக, வளைய முடியாத சட்டம் என்று ஒன்றுமில்லை. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து வளைகிறது. பூணூல் கேட்டவனுக்குப் பண்பாடு என்று வளைந்தது. ஏழு பெத்தவள் கேட்டபோது இயற்கைச் சட்டம் என்று விறைத்துக்கொண்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் நம்ம பிணத்துக்கும் அவங்க பிணத்துக்கும் நடுவில் சுவர் வைத்தார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே கோயில் சனங்களுக்குள் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சாதி பாவம் என்று அறிக்கை விடாமலும் இல்லை. 2003ல் இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழ்நாட்டு ஆயர்களிடமே அதைக் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் சாதி பார்த்ததற்காக, தேர் நம்ம தெருவுக்கு வரக் கூடாது என்று மறித்ததற்காக, எவனாவது பதினாலு வருசம் நன்மை வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறானா? நீங்க பார்த்திருக்கீங்களா?

இப்ப இன்னொரு பக்கம். சர்க்கார் என்ன யோக்கியமா? சுற்றுமடலில் ஓர் இடம் எனக்கு நியாயமாகப் படுகிறது. கருத்தடை அரசாங்கத்தின் கையில் ஆயுதமானால், அது மக்கள்மேல் திணிக்கப்படும் என்று எச்சரித்திருந்தார்கள். எட்டு வருசத்தில் அது நடந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன். அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. யாரைப் பிடித்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஆட்சி கவிழ்ந்தது. ஆம்பளையைத் தொட்டா ஓட்டு போயிரும்னு சர்க்கார் கத்துக்கிட்டது. கத்தி பொம்பளை பக்கம் திரும்பிச்சு. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் பண்ணினார். அந்த மாதம் நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையையே மூன்று வருசத்துக்குள் நிறுத்தச் சொன்னது. எங்கம்மாவுக்குக் குடம் கொடுத்தது அக்கறையில் இல்லை. அவ ஒரு 'கேஸ்'. தொட்டிக்குள்ள அவ ஒரு பாவி, ஆஸ்பத்திரி நோட்டுல ஒரு கேஸ். ரெண்டு இடத்துலயும் அவகிட்ட ஏன்னு கேட்ட ஆள் இல்லை.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வெடி ஆலை ஊரில் பிள்ளைக் கணக்கு வேற. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கணும் என்று பெத்த காலம் உண்டு. அம்மை, வயித்துப்போக்கு, அப்புறம் வெடிவிபத்து. பஸ்ஸில் போன பிள்ளை கொண்டுவர்ற கூலியும் அடுப்புக்கு வேணும். பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 1982ல் சத்துணவு வந்தது. ஊசி போட வந்தாங்க, பிள்ளை சாவது குறைந்தது. தீப்பெட்டி, பட்டாசில் பிள்ளைகள் வேலை செய்வதற்கு எதிராகப் பல வருசம் குரல் எழும்பி, எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளை கூலி கொண்டுவர்றது நின்னு, பிள்ளைக்குச் செலவு பண்றது தொடங்குச்சு. எங்க பெண்கள் ரெண்டு போதும்னாங்க. மால்தஸ் படிச்சு இல்லை. தான் பட்டதை மகள் படக்கூடாதுன்னு. பட்டாசில் பெரியவங்க சாவது மட்டும் நிக்கல. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் போனதை மறக்க முடியுமா. பிள்ளைகள் மேல வெடி விழாம எடுத்தது அந்தத் தாய்மார்தான்.

விளைவு என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை இரண்டுக்கும் குறைவு, 1.9. இந்துப் பெண்ணின் சராசரியும் அதே அளவுதான். சுற்றுமடல் வந்து ஐம்பது வருசத்தில் பொதுநிலையினர் அதைத் தள்ளிவிட்டார்கள். கண்டன ஊர்வலம் இல்லை, துண்டறிக்கை இல்லை. ஆளுக்கு ஆள் தனியாக, ராத்திரியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளினார்கள். சாமியார்களுக்கும் தெரியும். இப்பல்லாம் தொட்டியில யாரும் அதைக் கேக்கிறதில்லை, இவங்களும் சொல்றதில்லை. இந்த மௌன ஒப்பந்தத்தை முதிர்ச்சி என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோணல. படித்தவள், நகரத்துக்காரி 'அது என் மனச்சாட்சி' என்று சொல்லிவிட்டு நன்மை வாங்கப் போகிறாள். மனச்சாட்சிக்கு அப்படி ஓர் உரிமை உண்டு என்பதே எங்க தெருவுக்கு வந்து சேரல. ஒரே சட்டம், படித்தவளுக்கு அது பழசாகிப் போனது, எங்கம்மாவுக்கு அது பதினாலு வருசம்.

2013 கடைசியில் போப் பிரான்சிஸ் காலத்தில், குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றத்துக்கு முன்னால் உலகம் முழுக்க ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். 'ஹூமானே வித்தே' போதனையை மக்கள் ஏற்கிறார்களா என்றும் அதில் கேள்வி இருந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆயர்கள் தங்கள் சனங்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். நம்ம ஊர்ப் பக்கம் அந்தத் தாளைப் பார்த்தவங்க கை தூக்குங்க. (ஒருவரும் தூக்கவில்லை.) சரி.

அதே பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டு, பிலிப்பைன்ஸும் போய்விட்டுத் திரும்பும்போது விமானத்தில் சொன்னார், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல் மாதிரிப் பெற வேண்டியதில்லை என்று. நம்ம ஆட்கள் பலர் கைதட்டினார்கள். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். ஏழு தடவை வயிற்றைக் கிழித்துப் பெற்று, எட்டாவது உண்டாகியிருந்த ஒரு பெண்ணைப் பொறுப்பில்லாதவள் என்று கண்டித்ததாகச் சொன்னார். கவனியுங்கள். தடுத்தால் பாவி, தடுக்காவிட்டால் பொறுப்பில்லாதவள். அவளை எட்டாவது தடவை உண்டாக்கினவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம்ம தலைவர்கள் இதில் எங்கே நின்றார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியார் 1930களிலேயே 'குடி அரசு'வில் எழுதினார். மற்றவர்கள் வறுமைக்காக, தேச நலனுக்காகக் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறேன் என்பது அவர் நிலை. அண்ணல் அம்பேத்கர், கருத்தடைப் பிரசாரம் செய்த ஆர்.டி. கார்வேக்காக 1934ல் வழக்காடித் தோற்றார். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டசபையில் கருத்தடை வசதியை அரசே செய்து தர வேண்டும் என்று ஒரு தீர்மானம். அண்ணல் தயாரித்த உரையை அவர் கட்சியின் பி.ஜே. ரோகம் வாசித்தார். பிரசவ வலி ஆணுக்கு வந்தால் ஒருத்தனும் ஒன்றுக்கு மேல் பெறச் சம்மதிக்க மாட்டான் என்ற கருத்து அதில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. அண்ணலின் படத்தை மாட்டி வைத்திருக்கும் எத்தனை சங்கங்களில் இந்த உரையைப் படித்திருக்கிறார்கள்?

படிக்கவில்லை என்பதால்தான், இன்றைக்கு எல்லாரும் மறுபடி எண்ணிக்கை பேசுகிறார்கள். 2021 ஜூலையில் கேரளத்தில் பாலா மறைமாவட்டம் ஐந்தும் அதற்கு மேலும் பெற்ற குடும்பத்துக்கு மாதம் 1500 ரூபாய் என்று அறிவித்தது. 2024, 2025ல் தொகுதி மறுவரையறைப் பயத்தில் நம்ம முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே கல்யாண மேடைகளில் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசினார். நம்ம இயக்கத்துக்குள்ளேயும் நான் காதால் கேட்டேன், "நம்ம சனத்தொகை குறைஞ்சா நம்ம பலம் குறையும் தோழர்" என்று ஒருத்தர். யார் பலம்? யார் வயிறு? சபைக்கு விசுவாசி வேணும், கட்சிக்கு ஓட்டு வேணும், முதலாளிக்கு ஆள் வேணும். எல்லா நோட்டையும் கொண்டுவந்து எங்க வயித்துல வச்சு எழுதுறாங்க.

கடைசியா ஆம்பளைத் தோழர்களுக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 58 பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 1000க்கு ஒருவர். இதுவும் அதே 2019-21 கணக்குதான். ஆணுக்குக் கத்தி கூட வேண்டாம், தையல் வேண்டாம், சில நிமிச வேலை, அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். பெண்ணுக்கு வயித்தைத் திறக்கணும். ஆனா ஆணாதிக்கத்தை எதிர்த்து மூணு மணி நேரம் பேசுற தோழர்கூட, "எனக்கு வெயிட் தூக்குற வேலைக்கா"ன்னு நழுவுறார். உங்க பொண்டாட்டி மட்டும் என்ன பூ கட்டுற வேலையா பாக்குறா? மருந்து மூட்டை தூக்குறா, பிள்ளையையும் தூக்குறா. ஆயர்களைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டே இந்த 1000க்கு ஒண்ணையும் வச்சுக்கிட்டு இருந்தா, தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது சாமியார் மட்டும் இல்லை.

எங்கம்மா 1995ல் மறுபடி நன்மை வாங்கினா. ஒரு சின்னச் சாமியார், நம்ம சனம்தான், வீடு மந்திரிக்க வந்தவர். ஏன் பெரியம்மா நன்மை வாங்கிறதில்லைன்னு கேட்டார். பதினாலு வருசத்துல கேட்ட முதல் ஆள். அம்மா சொன்னா. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்க பெரியம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். அவரை அடுத்த வருசமே வேற பங்குக்கு மாத்திட்டாங்க. அது இதுக்காக இல்லை, கல்லறைப் பாதைப் பிரச்சினையில நம்ம பக்கம் நின்னதுக்கு.

வாசலில் ஒரு நோட்டு வச்சிருக்கோம். ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றி விவரம் வேணும்ங்கிற தோழர்கள் பேர் எழுதலாம். போன கூட்டத்துல ஒரே ஒரு பேர் வந்துச்சு. மறுநாள் அவரோட அம்மா வந்து அந்தப் பேரை அடிச்சுட்டுப் போனாங்க.